ஸ்பானிய மொழியில் இறந்தகாலம்: இந்தெஃபினீதொவுக்கும் இம்பெர்ஃபேக்தொவுக்கும் எல்லை எங்கே?

பனைநிழல் – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஸ்பானிய மொழியை ஆசிரியர் இல்லாமல், பாடநூலையும் ஒலிப்பதிவுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு படித்து வருகிறேன். நிகழ்காலம் ஓரளவு கைவந்துவிட்டது. இப்போது இறந்தகாலத்துக்கு வந்திருக்கிறேன். இங்கே பாடநூல் சொல்லும் விதியும் நான் வாசிக்கும் வாக்கியங்களும் ஒத்துப்போகவில்லை. (ஸ்பானியச் சொற்களைத் தமிழில் எழுதும்போது அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். மறுமொழி எழுதுபவர்களும் அப்படியே எழுதினால் ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும்.)

இரண்டு இறந்தகால வடிவங்களைப் பற்றிப் பாடநூல் சொல்வது இதுதான்: நடந்து முடிந்த செயலுக்கு இந்தெஃபினீதொ, நீண்ட காலம் தொடர்ந்த செயலுக்கும் திரும்பத் திரும்ப நடந்த செயலுக்கும் இம்பெர்ஃபேக்தொ. ஆனால் ஓர் எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பில் «விவியோ த்ரேயின்த ஆன்யொஸ் என் லீம» என்று வாசித்தேன். அவர் லிமாவில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது பொருள். முப்பது ஆண்டுகள் நீண்ட காலம்தானே? பிறகு ஏன் அங்கே இந்தெஃபினீதொ வருகிறது? அதே குறிப்பில் சில வரிகள் தள்ளி «விவீய என் லீம குவாந்தொ கொனொசியோ அ சு முஹேர்», அதாவது லிமாவில் வாழ்ந்தபோது தம் மனைவியைச் சந்தித்தார் என்று இருக்கிறது. ஊரும் அதுதான், ஆளும் அவர்தான், வாழ்வும் அதே வாழ்வுதான். ஓரிடத்தில் விவியோ, மற்றோரிடத்தில் விவீய. «ஃபுயி மூச்சஸ் வேசெஸ்» என்றும் ஒரு வாக்கியம் பார்த்தேன். பலமுறை போனேன் என்றால் அது திரும்பத் திரும்ப நடந்த செயல்தான். அங்கும் இம்பெர்ஃபேக்தொ வரவில்லை.

இரண்டாவது சிக்கல், நம் 'இருந்தது' என்ற ஒரு சொல் ஸ்பானிய மொழியில் ஏர, ஃபுவே, எஸ்தாப, எஸ்தூவொ, அபீய, ஊபொ என்று ஆறாகப் பிரிந்து நிற்பது. 'இரு' என்று பொருள்படும் சேர், எஸ்தார் ஆகிய வினைகளின் வேறுபாடு எனக்குப் புரிகிறது. ஆனால் ஏர வர வேண்டிய இடம் எது, ஃபுவே வர வேண்டிய இடம் எது என்று முடிவெடுக்க முடியவில்லை.

மூன்றாவதாக, சில ஒலிப்பதிவுகளில் 'இன்று சாப்பிட்டேன்' என்பதை ஏ கொமீதொ என்கிறார்கள், வேறு சிலவற்றில் கொமீ என்கிறார்கள். இரண்டும் சரியா, எதைப் பழகுவது என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கல்வெட்டு – மறுமொழி

வணக்கம் பனைநிழல். உங்கள் பாடநூலின் விதியில் உள்ள 'நீண்ட காலம்' என்ற சொல்தான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம். தொடக்க நிலைப் பாடநூல்கள் பலவற்றில் அந்தச் சொல் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு செயல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை ஸ்பானிய வினைமுற்று பார்ப்பதே இல்லை. ஒரு நொடி மின்னல் இம்பெர்ஃபேக்தொவில் வரலாம். முந்நூறு ஆண்டு ஆட்சி இந்தெஃபினீதொவில் வரலாம். சொல்பவர் அந்தச் செயலை எங்கே நின்று காண்கிறார் என்பதுதான் கேள்வி. தொடக்கமும் முடிவும் சேர்ந்த முழுச் செயலாக வெளியே நின்று கண்டால் இந்தெஃபினீதொ. செயல் நடந்துகொண்டிருக்கும் ஒரு கணத்துக்குள் நின்று, அதன் முடிவைக் கணக்கில் கொள்ளாமல் கண்டால் இம்பெர்ஃபேக்தொ.

இதை வைத்து உங்கள் லிமா வாக்கியங்களைப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் என்று எண்ணிச் சொன்னவுடனேயே அந்த வாழ்வுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வந்துவிடுகின்றன. முடிந்ததைத்தான் எண்ண முடியும். ஆகவே விவியோ. மனைவியைச் சந்தித்த வாக்கியத்தில் அந்த வாழ்வு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது பேச்சே இல்லை. சந்திப்பு நிகழ்ந்த கணத்தில் அவர் லிமாவாசியாக இருந்தார் என்பது மட்டுமே செய்தி. ஆகவே விவீய. சந்திப்பு முழு நிகழ்ச்சி என்பதால் கொனொசியோ. பலமுறை போனேன் என்பதும் இப்படித்தான்: எத்தனை முறை என்பது தெளிவாகத் தெரியாவிட்டாலும், அத்தனை முறைகளையும் ஒரே தொகையாகக் கூட்டிச் சொல்கிறோம். அதனால் ஃபுயி. அதுவே 'அந்தக் காலத்தில் கோடைதோறும் போவேன்' என்றால் தொகை இல்லை, அக்காலத்தின் இயல்பு மட்டுமே இருக்கிறது, அப்போது ஈப. 'அந்த வாரம் ஒவ்வொரு நாளும் தாமதமாக வந்தான்' என்பதில் 'ஒவ்வொரு நாளும்' என்ற தொடர் இருந்தும், ஒரு வாரம் என்ற வேலி எல்லாவற்றையும் சுற்றி வளைத்துவிடுவதால், யெகோ என்ற இந்தெஃபினீதொதான் இயல்பாக வரும். கால அடைச்சொற்களை மனப்பாடம் செய்து, 'எப்போதும்' வந்தால் இது, 'நேற்று' வந்தால் அது என்று முடிவெடுக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நடைமுறையில் நான் மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் சோதனை ஒன்று உண்டு. எழுதப்போகும் வாக்கியம் 'அடுத்து என்ன நடந்தது?' என்ற கேள்விக்குப் பதிலா, 'அப்போது நிலைமை எப்படி இருந்தது?' என்ற கேள்விக்குப் பதிலா என்று பாருங்கள். முதல் கேள்விக்குப் பதிலானால் கதை ஓர் அடி முன்னே நகர்கிறது, இந்தெஃபினீதொ. இரண்டாவதற்குப் பதிலானால் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது, சுற்றுப்புறம் மட்டும் தெரிகிறது, இம்பெர்ஃபேக்தொ. மணி, வயது, வானிலை, முகத்தோற்றம் ஆகியவை பெரும்பாலும் இம்பெர்ஃபேக்தொவில் வருவதும் இதனால்தான். மணி மூன்று என்பதை ஏரன் லஸ் த்ரேஸ் என்பார்கள். அவளுக்கு இருபது வயது என்பதை தெனீய வேயின்தெ ஆன்யொஸ் என்பார்கள். ஆனால் இருபது வயது நிறைந்தது என்றால் அது ஒரு நிகழ்ச்சி. கும்ப்லியோ வேயின்தெ ஆன்யொஸ் என்று இந்தெஃபினீதொவுக்கு மாறிவிடும்.

தமிழ் பேசுபவர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தடையும் உண்டு. வசதி என்னவென்றால், இந்தப் பார்வை வேறுபாடு நமக்குப் புதியதல்ல. 'படித்தேன்' என்பதற்கும் 'படித்துக்கொண்டிருந்தேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் யோசிக்காமலே கையாள்கிறோம். 'சிறு வயதில் தினமும் அங்கே விளையாடுவோம்' என்று கடந்தகால வழக்கத்தை எதிர்கால விகுதியால் சொல்கிறோம். 'கொண்டிருந்தேன்' வரும் இடத்திலும், பழைய வழக்கத்தைச் சொல்லும் 'விளையாடுவோம்' வரும் இடத்திலும் பெரும்பாலும் இம்பெர்ஃபேக்தொவைத் தயங்காமல் போடலாம். தடை என்னவென்றால், நிலையைக் குறிக்கும் வினைகளில் நாம் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. 'வாழ்ந்தார்', 'இருந்தது', 'விரும்பினான்' போன்றவை இரண்டு பார்வைகளுக்கும் பொதுவாக நிற்கின்றன. ஆகவே தமிழ் வாக்கியத்தை மனத்தில் அமைத்து அதை மாற்றி எழுதினால், 'படித்தேன்' வகை வினைகளில் பிழை வராது. 'இருந்தது' வகை வினைகளில்தான் வரும். பயிற்சியின் பெரும்பகுதியை அங்கே செலவிடுங்கள்.

'இருந்தது' பற்றி: ஏர, எஸ்தாப, அபீய மூன்றும் நிலைமையைச் சொல்பவை, ஃபுவே, எஸ்தூவொ, ஊபொ மூன்றும் முடிந்த ஒன்றைச் சொல்பவை. 'தெருவில் ஒரு வண்டி இருந்தது' என்றால் அபீய உன் கோச்செ. 'ஒரு விபத்து நடந்தது' என்றால் ஊபொ உன் அக்சிதேன்தெ. விபத்து என்பது நிகழ்ந்து முடிவது, வண்டி என்பது அங்கே நிற்பது. 'என் தாத்தா உயரமாக இருந்தார்' என்றால் மி அபுவேலொ ஏர ஆல்தொ. உயரம் ஒரு நாள் தொடங்கி ஒரு நாள் முடியும் செயல் அல்ல. 'கச்சேரி நீளமாக இருந்தது' என்று முடிந்தபின் கருத்துச் சொன்னால் எல் கொன்சியேர்தொ ஃபுவே லார்கொ. 'தாத்தா ஆசிரியராக இருந்தார்' என்ற வாக்கியத்தில் இரண்டும் வரலாம். ஃபுவே மயேஸ்த்ரொ என்றால் அவர் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, அவர் செய்த தொழில் இது என்று முடித்துச் சொல்கிறோம். ஏர மயேஸ்த்ரொ என்றால் ஏதோ ஒரு காலத்துக்குள் கேட்பவரை அழைத்துச் சென்று, அந்நாளில் அவர் ஆசிரியர் என்கிறோம். இரண்டில் ஒன்று பிழை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்து என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேர்வு அமைகிறது.

இன்னும் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், ஏனெனில் அடுத்த பாடத்தில் இதைச் சந்திப்பீர்கள். சபேர் (அறிதல்), கொனொசேர் (ஒருவரை அறிதல்), தெனேர் (கொண்டிருத்தல்), பொதேர் (இயலுதல்), கெரேர் (விரும்புதல்) ஆகிய வினைகள் இந்தெஃபினீதொவில் 'பொருள் மாறும்' என்று ஒரு பட்டியல் தருவார்கள். அந்தப் பட்டியல் தேவையே இல்லை. சபீய என்றால் எனக்குத் தெரிந்திருந்தது, அதாவது அறிந்த நிலையில் இருந்தேன். சூப்பெ என்றால் அறிதல் ஒரு நிகழ்ச்சியாகிறது, அதாவது தெரியவந்தது. கொனொசீய என்றால் அவரை முன்பே அறிவேன். கொனொசீ என்றால் அன்றுதான் அறிமுகமானேன். நொ கெரீய என்றால் விருப்பமில்லாமல் இருந்தான். நொ கீசொ என்றால் மறுத்துவிட்டான். தெனீய கெ சலீர் என்றால் புறப்பட வேண்டியிருந்தது, புறப்பட்டேனா என்பது சொல்லப்படவில்லை. தூவெ கெ சலீர் என்றால் புறப்பட வேண்டி வந்தது, புறப்பட்டும்விட்டேன் என்றே கேட்பவர் கொள்வார். எல்லா இடத்திலும் ஒரே விதிதான் வேலை செய்கிறது.

தென்மேற்கு – மறுமொழி

கல்வெட்டு முதல் இரண்டு கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டதால் மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஏ கொமீதொ, கொமீ இரண்டும் சரியானவை. எந்த நாட்டவர் பேசுகிறார் என்பதைப் பொறுத்து எல்லை நகர்கிறது.

மத்ரித் உள்ளிட்ட ஸ்பெயினின் பெரும்பகுதியில், பேசும் கணத்தோடு இன்னும் ஒட்டியிருக்கும் காலப்பகுதியில் நடந்தவற்றுக்குப் பெர்ஃபேக்தொ, அதாவது ஏ கொமீதொ போன்ற கூட்டு வடிவம் வரும். இன்று, இந்த வாரம், இந்த ஆண்டு என்று சொன்னால் அந்தப் பகுதி இன்னும் முடியவில்லை. ஆகவே ஓய் ஏ கொமீதொ. நேற்று என்பது முடிந்துபோனது. ஆகவே அயேர் கொமீ. அதே ஸ்பெயினில், வடமேற்கே கலீசியாவிலும் அஸ்தூரியாசிலும், அட்லாண்டிக்கில் உள்ள கனாரித் தீவுகளிலும், இன்று நடந்ததற்கும் எளிய வடிவமான கொமீயே பெரிதும் வழங்குகிறது. அமெரிக்கக் கண்டத்தின் ஸ்பானிய நாடுகளில் பெரும்பாலானவற்றிலும் அப்படியே. சாப்பிட்டாயிற்றா என்று மெக்சிகோவில் ஒருவர் கேட்டால் பொதுவாக யா கொமீஸ்தெ என்பார். மத்ரிதில் கேட்டால் யா அஸ் கொமீதொ என்பார்.

ஆனால் அமெரிக்கக் கண்டத்தில் பெர்ஃபேக்தொவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மெக்சிகோவில் அதற்குத் தனி வேலை உண்டு: கடந்தகாலத்தில் தொடங்கி இன்றுவரை நீளும் ஒன்றை அது சொல்கிறது. நொ ஆ யெகாதொ என்றால் இன்னும் வரவில்லை, வரக்கூடும். நொ யெகோ என்றால் வரவில்லை, அவ்வளவுதான், காத்திருப்பு முடிந்தது. பொலிவியாவிலும் அர்ஜென்டினாவின் வடமேற்கிலும் நிலைமை எதிர்ப்புறமாகச் சாய்ந்து, முடிந்துபோன காலத்துக்கும் பெர்ஃபேக்தொவைப் பயன்படுத்துவதைக் கேட்கலாம். புவெனோஸ் அய்ரெசில் பேச்சு பெரும்பாலும் எளிய வடிவத்திலேயே நடக்கிறது. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு வேறுபாடு.

ஆந்தீஸ் மலைப்பகுதியின் ஸ்பானியத்தில் நான் மிகவும் விரும்பும் ஒரு வழக்கு உண்டு. அங்கே ப்ளுஸ்குவம்பெர்ஃபேக்தொ, அதாவது அபீய கொமீதொ என்ற வடிவம், 'முன்பே நடந்திருந்தது' என்பதோடு நின்றுவிடாமல், தான் நேரில் காணாத, பிறகு அறிந்துகொண்ட செய்தியையும் குறிக்கும். நேரில் கண்டதையும் கேட்டறிந்ததையும் வினை விகுதியாலேயே பிரித்துக் காட்டும் கெச்சுவா, அய்மாரா மொழிகளோடு நூற்றாண்டுகளாக வாழ்ந்ததன் விளைவு அது. தமிழில் 'அவர் வந்திருக்கிறார் போலும்', 'வந்தாராம்' என்று நாம் பிரிப்பதை நினைத்துக்கொண்டால் இதன் நுட்பம் உடனே விளங்கும். தொடக்க நிலையில் இது உங்களுக்குத் தேவைப்படாது. பொலிவியக் கதைகளை வாசிக்கத் தொடங்கும்போது நினைவுக்கு வந்தால் போதும்.

எதைப் பழகுவது என்றால், யாரோடு பேசப் போகிறீர்களோ அவர்களுடைய வழக்கைப் பழகுங்கள். அப்படி யாரும் இன்னும் இல்லையென்றால் எளிய வடிவத்தில் தொடங்குங்கள் என்பது என் கருத்து. ஸ்பானியம் பேசுபவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கக் கண்டத்தில் வாழ்பவர்கள். ஸ்பெயினில் கொமீ என்று சொன்னாலும் எவருக்கும் புரியாமல் போகாது. ஸ்பெயின் நிறுவனங்கள் நடத்தும் தேர்வுகளுக்குப் படிப்பவர் மட்டும் பெர்ஃபேக்தொவைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துப் படிப்பது நல்லது.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். மெக்சிகோவில் அச்சான பாடநூல் கையில் கிடைத்தால் இம்பெர்ஃபேக்தொ என்ற பெயரே அதில் இல்லாமல், கொப்ரெதேரிதொ என்று இருக்கக்கூடும். இது கராகஸில் பிறந்து சிலியில் பணியாற்றிய ஆந்த்ரேஸ் பெல்யோ, 1847-இல் அமெரிக்கக் கண்டத்து மக்களின் பயன்பாட்டுக்கென்று வெளியிட்ட இலக்கண நூலில் வகுத்த பெயர். ஒரு கடந்தகால நிகழ்ச்சியோடு உடனிருந்தது எதுவோ அதைச் சொல்லும் காலம் என்பதால் அவர் அப்படி அழைத்தார். கல்வெட்டு மேலே பல வாக்கியங்களில் விளக்கியதை அந்த ஒரு பெயர் தாங்கி நிற்கிறது. இம்பெர்ஃபேக்தொ என்ற பெயரைவிட இது மாணவருக்கு உதவும் பெயர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஸ்பானிய அரசு மொழிக்கழகமும் மற்ற நாடுகளின் மொழிக்கழகங்களும் சேர்ந்து 2009-இல் வெளியிடத் தொடங்கிய புதிய இலக்கணம் பெல்யோவின் பெயர்களையும் மரபுப் பெயர்களோடு பக்கத்திலேயே தருகிறது.

பனைநிழல்

இருவருக்கும் மிக்க நன்றி. எண்ணிச் சொன்னால் முடிந்தது என்ற விளக்கத்துக்குப் பிறகு லிமா வாக்கியங்கள் இரண்டும் தெளிவாகிவிட்டன. உடனிருந்த காலம் என்ற பெயரையே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இனி வடிவங்களைப் பற்றி ஒரு கேள்வி. இந்தெஃபினீதொவின் ஒழுங்கற்ற வினைகள் பட்டியல் பட்டியலாக வருகின்றன. அவற்றை எந்த வரிசையில் படிப்பது? இரண்டு காலங்களில் எதை முதலில் படிப்பது?

ஆறாம்வேற்றுமை – மறுமொழி

பாடநூல்கள் பெரும்பாலும் இந்தெஃபினீதொவை முதலில் வைக்கின்றன. நான் இம்பெர்ஃபேக்தொவை முதலில் படிக்கச் சொல்வேன்; காரணம், அதன் வடிவங்கள் ஒரே அமர்வில் முடிந்துவிடும். ஆர் ஈற்று வினைகளுக்கு அப்லாப போன்ற வடிவம், ஏர், ஈர் ஈற்று வினைகளுக்கு கொமீய, விவீய போன்ற வடிவம். விதிவிலக்கு மொத்தம் மூன்றே வினைகள்: சேர் ஏர ஆகும், ஈர் ஈப ஆகும், வேர் வெயீய ஆகும். இவ்வளவுதான் முழு மொழியிலும். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நான், அவர் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. அப்லாப என்றால் நான் பேசிக்கொண்டிருந்தேன் என்றும் இருக்கலாம், அவள் பேசிக்கொண்டிருந்தாள் என்றும் இருக்கலாம். எழுவாயை விட்டுவிடும் பழக்கம் ஸ்பானியத்திலும் உண்டு என்றாலும், ஐயம் வரும் இடத்தில் யோ, ஏய என்று எழுவாயைச் சேர்த்துவிட வேண்டும்.

இந்தெஃபினீதொவில் ஒழுங்கான வினைகளில்கூட அழுத்தம் உயிர்நாடியானது. ஆப்லொ என்று முதல் அசையில் அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. அப்லோ என்று கடைசி அசையில் அழுத்தினால் 'அவர் பேசினார்'. ஆளும் காலமும் சேர்ந்து மாறிவிடுகின்றன. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் நம் காது இதைத் தவறவிடும். நம் நாவும் அதைச் சமமாக ஒலித்துவிடும். நீங்கள் நெடிலால் எழுதிக் காட்டும் முறை உண்மையில் நல்ல பயிற்சி, அதை விடாதீர்கள். அப்லாமொஸ் என்பது மட்டும் 'பேசுகிறோம்', 'பேசினோம்' இரண்டுக்கும் பொது. இடம் பார்த்தே அறிய வேண்டும். ஏர் ஈற்றில் அந்தச் சிக்கல் இல்லை: கொமேமொஸ் நிகழ்காலம், கொமீமொஸ் இறந்தகாலம்.

ஒழுங்கற்ற வினைகளை அகர வரிசையில் படிக்க வேண்டாம், குடும்பங்களாகப் படியுங்கள். அடிச்சொல் மாறி, கடைசி அசையில் அழுத்தம் இல்லாமல் வரும் ஒரு பெரிய குடும்பம் உண்டு: தூவெ, எஸ்தூவெ, அந்தூவெ ஒரு கிளை; பூதெ, பூசெ, சூப்பெ ஒரு கிளை; ஈசெ, வீனெ, கீசெ ஒரு கிளை; தீஹெ, த்ராஹெ, கொந்தூஹெ ஒரு கிளை. எல்லாவற்றுக்கும் விகுதி ஒரே வரிசை என்பதால் ஒன்றைப் பாடமாக்கினால் மற்றவை பின்னாலேயே வரும். கடைசிக் கிளையில் மட்டும் 'அவர்கள்' வடிவத்தில் இகரம் விழுந்து திஹேரொன், த்ரஹேரொன் என்று வரும். ஈர் ஈற்று வினைகள் சில, 'அவர்', 'அவர்கள்' ஆகிய இரண்டு வடிவங்களில் மட்டும் உயிர் மாறும்: பெதீர் பிதியோ ஆகும், தொர்மீர் துர்மியோ ஆகும். புஸ்கே, யெகே போன்றவற்றில் மாறுவது எழுத்து மட்டுமே, ஒலி அப்படியே இருக்கிறது; அவற்றை ஒழுங்கற்றவை என்று எண்ணி அஞ்ச வேண்டாம்.

சேர், ஈர் இரண்டுக்கும் இந்தெஃபினீதொ ஒன்றேதான்: ஃபுயி, ஃபுயீஸ்தெ, ஃபுவே, ஃபுயீமொஸ், ஃபுயீஸ்தெயிஸ், ஃபுவேரொன். 'போ' என்னும் வினை தன் பழைய இறந்தகாலத்தை விட்டுவிட்டு, 'இரு' என்னும் வினையின் லத்தீன் வடிவத்தை ஏற்றுக்கொண்டதால் வந்த ஒற்றுமை இது. குழப்பம் வரும் என்று பலர் கவலைப்படுவார்கள். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் வராது. ஃபுவே அ செவீய என்றால் செவீயாவுக்குப் போனார், ஃபுவே மேதிகொ என்றால் மருத்துவராக இருந்தார். பழைய பதிப்புகளை வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஃபுவே, ஃபுயி, தியோ, வியோ ஆகியவை முன்பு அழுத்தக்குறியோடு அச்சாயின. 1952-இல் மொழிக்கழகம் முன்வைத்து 1959 முதல் நடைமுறைக்கு வந்த எழுத்து விதிகள் ஓரசைச் சொற்களான இவற்றிலிருந்து குறியை நீக்கிவிட்டன. இன்று குறி போட்டால் பிழை. பழைய நூலில் கண்டால் அச்சுப்பிழை அன்று.

கல்வெட்டு – மறுமொழி

வடிவங்கள் கைக்கு வந்தபின் செய்ய வேண்டிய பயிற்சியை ஒரு சிறு பத்தியில் காட்டுகிறேன். தனி வாக்கியங்களில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சிகளால் இந்த இரு காலங்களும் வசப்படுவதில்லை என்பது என் உறுதியான எண்ணம், ஏனெனில் தேர்வு எப்போதும் முன்பின் வாக்கியங்களைச் சார்ந்தே இருக்கிறது.

«ஏர தார்தெ இ யொவீய. ல காயெ எஸ்தாப வசீய. உன் ஓம்ப்ரெ கமினாப சின் ப்ரீச, குவாந்தொ ஒயோ உன வோஸ். செ தெதூவொ, மிரோ ஆசிய அத்ராஸ் இ நொ வியோ அ நாதியெ. தெனீய மியேதொ, பேரொ சிகியோ.»

நேரமாகிவிட்டிருந்தது, மழை பெய்துகொண்டிருந்தது. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஒருவன் அவசரமின்றி நடந்துகொண்டிருந்தான். இதுவரை நான்கு வினைகள், நான்கும் இம்பெர்ஃபேக்தொ. கதை இன்னும் தொடங்கவில்லை. அப்போது ஒரு குரல் கேட்டது: ஒயோ. இங்கிருந்து நின்றான், திரும்பிப் பார்த்தான், யாரையும் காணவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அடிகள் விழுகின்றன. 'காணவில்லை' என்ற எதிர்மறையும் ஓர் அடிதான் என்பதைக் கவனியுங்கள்; பார்த்ததன் விளைவு அது. கடைசி வாக்கியம்தான் நான் காட்ட விரும்பியது. தெனீய மியேதொ என்றால் அவனுக்குள் அச்சம் இருந்தது, அந்த அச்சத்தோடே நடையைத் தொடர்ந்தான். அங்கே தூவொ மியேதொ என்று மாற்றிப் படியுங்கள். அச்சம் ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது: யாரையும் காணவில்லை, உடனே அச்சம் பிடித்துக்கொண்டது. இரண்டும் இலக்கணப்படி சரி. ஆனால் இரண்டு வேறு மனிதர்கள்.

இப்படி ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு வினையையும் மற்றக் காலத்துக்கு மாற்றி, கதைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். கமினாப என்பதை கமினோ ஆக்கினால் 'நடந்தான்' என்று ஒரு செயல் முடிந்துவிடும். பிறகு வரும் 'அப்போது குரல் கேட்டது' என்பது ஒட்டுவதற்கு இடமில்லாமல் போகும். யொவீய என்பதை யொவியோ ஆக்கினால் மழை பெய்து ஓய்ந்துவிடும்.

பனைநிழல்

பத்தியை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒரு வினையை மாற்றினால் அடுத்த வாக்கியத்தின் பொருள் மாறுவது உண்மையிலேயே வியப்பாக இருக்கிறது. கடைசியாக ஒன்று: நடந்துகொண்டிருந்த செயலுக்கு எஸ்தாப எஸ்பெராந்தொ என்ற தொடர்வடிவமும் உண்டு. அது இம்பெர்ஃபேக்தொவோடு ஒத்துப்போகிறது. ஆனால் எஸ்தூவெ எஸ்பெராந்தொ என்றும் ஒரு பாடலாசிரியரின் பேட்டியில் கேட்டேன். தொடர்வடிவம் எப்படி இந்தெஃபினீதொவில் வரும்?

கல்வெட்டு – மறுமொழி

அவர் அதோடு எவ்வளவு நேரம் என்றும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எஸ்தூவெ எஸ்பெராந்தொ தோஸ் ஓரஸ்: இரண்டு மணி நேரம் காத்துக்கொண்டிருந்தேன். காத்திருத்தல் நீண்டது, அந்த நீட்சியைத் தொடர்வடிவம் காட்டுகிறது. ஆனால் அது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது, அந்த முடிவை எஸ்தூவெ காட்டுகிறது. எஸ்தாப எஸ்பெராந்தொ என்று தொடங்கியிருந்தால், காத்திருந்தபோது என்ன நடந்தது என்று கேட்பவர் எதிர்பார்ப்பார். அங்கே இரண்டு மணி நேரம் என்று சேர்க்க முடியாது. உங்கள் முப்பது ஆண்டு லிமா வாழ்வையும் எஸ்தூவொ விவியேந்தொ த்ரேயின்த ஆன்யொஸ் என்று சொல்லிப் பார்க்கலாம், சரியாகவே இருக்கும்.